பூட்டின் மேல் இருந்த குங்குமம்

கோயம்புத்தூர் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கொல்கத்தாவில் வீடுகளுக்குக் குடிநீர் மிஷின் வாடகைக்கு விடும் வேலையில்தான் எனக்குத் தலை நரைத்தது. அதிலும் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகள் என் பொறுப்பு. மிஷினை எங்கே நிறுத்துவது, கேனை எப்படிக் கவிழ்ப்பது, எப்போது கழுவுவது என்பதெல்லாம் உங்கள் கையில் கொடுத்திருக்கும் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. அந்தப் படத்தில் இரண்டு குழந்தைகள் ஆளுக்கொரு டம்ளரோடு வரிசையில் நின்று சிரிக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. நீங்கள் போனால் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் பெற்றவர்கள் பயப்படுவது ஒன்றுக்கு. நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கொல்கத்தாவில் பயம் என்றால் அது குளிர்ச்சிதான். தீபாவளி தாண்டியதும் குழந்தைகளுக்குக் காதோடு சேர்த்துக் கம்பளிக் குல்லாய் மாட்டிவிடும் ஊர் அது. நம் மிஷினில் நீலக் குழாயில் குளிர்ந்த தண்ணீர், சிவப்பில் கொதிநீர், நடுவில் சாதாத் தண்ணீர். நான் போன வீடுகளில் எல்லாம் முதல் கேள்வி, "நீலக் குழாயைப் பூட்ட முடியுமா?" என்பதுதான். சிவப்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அதற்குப் பூட்டு இருக்கிறது என்று நானாகச் சொன்னால், அதைக் கழற்றிவிட முடியுமா, ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு பால் கலக்கச் சிரமம் என்பார்கள்.

பூட்டு என்றால் சாவி போட்ட பூட்டு இல்லை. சிவப்புக் குழாயின் தலையில் சின்னதாக ஒரு பொத்தான். அதை உள்ளே அமுக்கிக்கொண்டே கைப்பிடியைக் கீழே இறக்கினால்தான் வெந்நீர் வரும். விரலை எடுத்தால் பொத்தான் தானே மேலே வந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு காரியத்தை ஒரே நேரத்தில் செய்யச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது இதைக் கண்டுபிடித்தவர்களின் நம்பிக்கை. அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

நான் கொல்கத்தா பவானிபூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். அதனால் தமிழ் வீடு என்றால் ஆபீஸில் என்னைத்தான் அனுப்புவார்கள். சங்கரன் வீடு டாலிகஞ்சில், இரண்டாவது மாடி. மத்திய சர்க்கார் உத்தியோகம், திருநெல்வேலியிலிருந்து மாற்றல். மனைவி உமா. மூத்தவள் கோமதிக்கு ஐந்து வயது. தம்பி சண்முகம் அப்போதுதான் நடக்கப் பழகி, பழகிய கையோடு ஓடவும் ஆரம்பித்திருந்தான். கோமதி பக்கத்தில் இருந்த வங்காளிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்ததில், வீட்டில் தமிழும் கோபம் வந்தால் வங்காளியும் பேசுவாள்.

மிஷினை வைத்த அன்று பூட்டை எப்படித் திறப்பது என்று உமாவுக்குக் காட்டினேன். கோமதி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் பையை மூடுவதற்குள் அவளே திறந்து காட்டிவிட்டாள். சங்கரனுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனாலும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ஏட்டி, இனி இதத் தொட்டே, தோலை உரிச்சிருவேன்" என்றார். அவள் தலையாட்டினாள். தொடக்கூடாது என்று அவளிடம் சொன்னது அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு அவள் தொட்டதை யாரும் பார்த்ததும் இல்லை. ஆனால் திறக்கத் தெரியும் என்ற பெயர் அவளுக்கு விழுந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சங்கரன் எனக்குப் போன் செய்தார். அவர் எதையும் கேட்டுத் தெளிந்துகொண்டு செய்கிற மனிதர்.

"மேடம், மிஷின் உங்க கம்பெனியோடது. நாங்க பொட்டு வச்சுப் பூஜை போடலாம்லா?"

"தாராளமா போடுங்க சார்."

"இல்ல, பூஜை போட்டா பலன் யாருக்குன்னு ஒரு சந்தேகம்."

"வாடகை யார் கட்டறாங்களோ அவங்களுக்குத்தான்" என்றேன். அவருக்குத் திருப்தி.

கொல்கத்தாவில் இந்த விஷயத்தில் நமக்கு இரட்டை நஷ்டம். விசுவகர்மா பூஜையன்று நம் வங்காளி மெக்கானிக்குகள் ஸ்பேனரைத் தொட மாட்டார்கள். மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருப்பார்கள். அது முடிந்து சில வாரத்தில் ஆயுத பூஜை வரும். அன்றைக்குத் தமிழ் வீடுகளில் எதையும் தொட விடமாட்டார்கள். அது ஊருக்கு நவமி. ஆபீஸ் பூட்டியிருக்கும், தெருவெல்லாம் துர்கா பந்தல், ஊரே புதுத்துணி உடுத்திக்கொண்டு நடந்துகொண்டிருக்கும். அன்று சாயங்காலம் நான் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது சங்கரன் மறுபடியும் கூப்பிட்டார்.

"மேடம், நாளைக்குக் காலைல இந்த மிஷின எடுத்துட்டுப் போயிருங்க."

"என்ன சார் ஆச்சு?"

"சின்னவன் கையில வெந்நி கொட்டிட்டு."

இப்படி ஒரு போன் வந்தால் எப்படி, ஏன், யார் என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் பிள்ளையைக் கேளுங்கள். குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டினார்களா என்றேன். உமா உடனே தூக்கிக்கொண்டு போய் வெகுநேரம் காட்டியிருக்கிறாள். கீழ்வீட்டுக் காகிமா பற்பசையோடு மாடிக்கு ஓடி வந்திருக்கிறார். காகிமா என்றால் நம் ஊர்ச் சித்தி. அந்தக் கட்டிடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் அப்படித்தான். உமா பற்பசையைத் தொட விடவில்லை. டாக்டரிடமும் போய்விட்டு வந்தாயிற்று, மணிக்கட்டில் மேல்தோல்தான், தழும்புகூட நிற்காது என்றாராம்.

"மிஷின் ஸ்விட்சை அணைச்சாச்சா?"

"அதெப்படி மேடம்? பூஜை போட்டத நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதானே தொடணும்?"

"சார், ஸ்விட்ச் போட்டிருந்தா அது வேலை செஞ்சிட்டிருக்குன்னு அர்த்தம். ஆயுத பூஜை அன்னைக்கு அதுக்கு லீவு கொடுக்க வேண்டாமா?"

போனோடு அவர் மிஷின் பக்கம் நடப்பது கேட்டது. பிறகு 'டக்' என்று ஸ்விட்சை அணைக்கும் ஒலி கேட்டது. சாஸ்திரத்தோடு மோதுகிறவர்களுக்குச் சாஸ்திரத்துக்குள்ளேயே வழி கண்டுபிடித்துக் கொடுங்கள். விஞ்ஞானம் பேசினால் வாக்குவாதம் வளரும், தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும்.

அதற்கப்புறம்தான் எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"வேற எப்படி? மூத்தவதான். பூட்டத் தொறந்து விட்டுட்டுப் போயிருக்கா. சின்னவன் போய்க் கைய வச்சிருக்கான். கேட்டா ஒத்துக்கிட மாட்டக்கா."

அவருக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், "நான் செய்யல" என்று ஒரு குரல் கேட்டது. கத்தல் இல்லை, கெஞ்சலும் இல்லை. டிக்கெட் எடுத்தாச்சு என்று கண்டக்டரிடம் சொல்கிற மாதிரி இருந்தது.

மிஷினை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவர் சொன்னது எனக்கு உறுத்தியது. பூட்டைத் திறந்து விட்டுவிட்டுப் போனாளாம். நம் பூட்டைத் திறந்து விட்டுவிட்டுப் போக முடியாது. விரலை எடுத்ததும் அது மூடிக்கொள்ளும். அப்படியானால் அது எப்படித் திறந்தே கிடந்தது? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நவமி சாயங்காலம் கொல்கத்தாவில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதென்றால், கூட்டம் எங்கே போகிறதோ அங்கேயே நமக்கும் வேலை இருக்க வேண்டும். ஆட்டோ கிடையாது. பாதித் தெருக்களில் மூங்கில் கட்டித் தடுத்திருந்தார்கள். காளிகாட்டில் மெட்ரோ ஏறுவதற்குள் என் புடவைத் தலைப்பை இரண்டு குடும்பங்கள் தங்களுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு வந்தன. வழியில் எங்கள் மேலாளருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் ஏதோ பந்தலில் இருந்தார்; பின்னால் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"பெரிய பெண்தான் திறந்தாள் என்று அப்பாவே சொல்கிறாரா?" என்று வங்காளியில் கத்தினார்.

"ஆமாம்."

"ரொம்ப நல்லது. அப்படியே இருக்கட்டும். நீ எதுவும் சொல்லாதே. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடு."

அவர் கெட்டவர் இல்லை. நமது பொருளில் தப்பில்லை என்று வாடிக்கையாளரே சொல்லும்போது, கம்பெனிக்காரன் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்? அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மேளச் சத்தம் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

வீட்டில் கொலு வைத்திருந்தார்கள். சுண்டலுக்கும் தாம்பூலத்துக்கும் வந்த தமிழ்ப் பெண்கள் நாலைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். காகிமாவும் ஒரு நாற்காலியில் இருந்தார். யாரும் பாடவில்லை. உமாவின் இடுப்பில் சண்முகம், மணிக்கட்டில் வெள்ளைத் துணிக் கட்டு, வாயில் பிஸ்கோத்து. நடந்ததை அவன் மறந்துவிட்டிருந்தான். கொலுப்படிக்குப் பக்கத்தில் பட்டுப்பாவாடையோடு கோமதி நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கப். அந்தக் கப்தான் அவளுக்கு எதிரான சாட்சி. தம்பி வீறிட்டு அழுததும் உமா ஓடி வந்தபோது அவள் மிஷின் பக்கத்தில் அதோடுதான் நின்றாளாம்.

"எல்லார் முன்னாலயும் அம்பாள்ட்ட மன்னிப்புக் கேக்கணும். தோப்புக்கரணம் போடணும். அப்புறம் தம்பிட்ட கேக்கணும்" என்று சங்கரன் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாருங்க மேடம், எவ்வளவு நேரமா நிக்கா" என்றார். கோபமாகப் பேசினாரே ஒழிய அவர் கண் சின்னவனின் மணிக்கட்டிலேயே இருந்தது. பிள்ளைக்கு வந்த ஆபத்தில் பயந்துபோன ஆண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். பயத்தை அப்படியே வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியாது. யார் மேலாவது இறக்கி வைத்தாக வேண்டும்.

"ஆமி கொரினி, காகிமா" என்றாள் கோமதி, நான் செய்யவில்லை என்று.

காகிமா அவள் கன்னத்தைத் தடவினார். "பாச்சா மானுஷ். சாரி போலே தாவ், மா." சின்னப் பிள்ளைதானே, ஒரு வார்த்தை சாரி சொல்லிவிடு, எல்லாம் முடிந்துவிடும் என்றார்.

பாயில் இருந்த பெண்களும் அதையே சொன்னார்கள். சொல்லிடு கண்ணு, சமத்துல்ல, ஒரே ஒரு வார்த்தை. அங்கே இருந்த யாருக்கும் அவள் மேல் விரோதம் இல்லை. அவள் செய்தாளா இல்லையா என்று கேட்பாரும் இல்லை. சொல்லிவிட்டால் சுண்டல் கொடுத்து முடித்துவிடலாம் என்ற நல்லெண்ணம்தான் அந்த அறை முழுக்க இருந்தது.

உமா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "அக்கா, அவ பொய் சொல்லுத பிள்ள இல்ல. ஆனா வேற யாரு? நான் இங்கன தேங்காய் திருவிக்கிட்டு இருந்தேன். அவங்க கீழ வாசல்ல ஸ்கூட்டருக்கு மாலை போட்டுக்கிட்டு இருந்தாங்க. வீட்டுக்குள்ள அவளும் தம்பியும்தான்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. பெற்ற மகளை நம்புவதா, கண்ணால் பார்த்ததை நம்புவதா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு இது நடந்தால் குழந்தையை விசாரிக்காதீர்கள். அதற்கு ஏற்கனவே ஆள் அதிகம் இருப்பார்கள். மிஷினை விசாரியுங்கள். நான் மிஷின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். குழந்தையின் உயரத்திலிருந்து பார்க்கிற வழக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

சங்கரன் குறை வைக்காமல் பூஜை செய்திருந்தார். கேனுக்கு நெற்றி என்று ஓர் இடத்தைத் தீர்மானித்துத் திருநீற்றுப் பட்டை போட்டு, நடுவில் பொட்டு வைத்திருந்தார். மூன்று குழாய்க்கும் சந்தனம், குங்குமம். குழாய்களின் மேல் ஒரு செவ்வந்தி மாலை. அதன் ஒரு முனை சிவப்புக் குழாயின் கைப்பிடியைச் சுற்றித் தொங்கியது. அந்த முனையில் மட்டும் பூ உதிர்ந்து நார் தெரிந்தது. உதிர்ந்த இதழ்கள் தரையில் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன.

சிவப்புக் குழாயின் பூட்டைப் பார்த்தேன். பொத்தானுக்கு நல்ல தடிப்பான சந்தனம், அதன் நட்ட நடுவில் குங்குமம். அரைத்த சந்தனம்; காய்ந்து கல்லாகியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி வைத்திருக்கிறார். அழுத்தியதில் பொத்தான் உள்ளே போய்விட்டது. சந்தனம் இடுக்கில் இறங்கிப் பிடித்துக்கொண்டது. பொத்தான் மேலே வரவே இல்லை. நான் சுண்டுவிரலால் கைப்பிடியைத் தொட்டேன். தண்ணீர் கொட்டியது. காலையிலிருந்து அந்தக் குழாய்க்குப் பூட்டே கிடையாது. மாலையை ஒரு பிள்ளை பிடித்து இழுத்தால் போதும்; பூ உதிர்ந்த முனை சண்முகத்தின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் தொங்கியது.

அதைவிட முக்கியமாக ஒன்று இருந்தது. பொத்தானின் மேல் இருந்த குங்குமம் சுற்று வட்டமாக, ஓரம் கலையாமல், வைத்தது வைத்தபடி இருந்தது. பூட்டைத் திறக்க வேண்டுமானால் அந்தக் குங்குமத்தின் மேல்தான் விரல் வைக்க வேண்டும். காலையில் வைத்ததற்குப் பிறகு எந்த விரலும் அங்கே படவில்லை.

இந்த இடத்தில்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இருக்கிறது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த வங்காளி தாதா ஒருவர் (அங்கே தாதா என்றால் அண்ணன்), வாடிக்கையாளரின் தப்பை அவர் காதில் மட்டும் சொல் என்பார். விருந்தாளிகள் முன்னால் சொன்னால் உண்மையும் போகும், வாடிக்கையாளரும் போவார். அருமையான விதி. அதை நான் வருஷக்கணக்கில் கடைப்பிடித்திருக்கிறேன். பிளக்கை மாற்றிச் செருகியவர்கள், வெந்நீர்த் தொட்டியில் முட்டை அவிக்கப் பார்த்தவர்கள், எல்லோரையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போய்த்தான் சொல்லியிருக்கிறேன்.

சங்கரனையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போகலாம். அவர் காதில் சொல்லலாம். அவர் உள்ளே வந்து, சரி போ, விளையாடு என்பார். கோமதிக்குச் சுண்டல் கிடைக்கும். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டுக்குப் போய், தம்பி மேல் வெந்நீரைத் திறந்துவிட்டு ஒத்துக்கொள்ளாத பிடிவாதக்காரி என்று சொல்வார்கள். டாலிகஞ்சில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை? அடுத்த நவராத்திரி வரைக்கும் பேசுவார்கள். யோசித்துப் பார்த்தால், அங்கே எல்லோருக்கும் வசதியான பதில் ஒன்று ஏற்கனவே தயாராக இருந்தது. அப்பாவுக்கு வசதி, கம்பெனிக்கு வசதி, நானும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். நஷ்டம் ஐந்து வயதுப் பெண் ஒருத்திக்குத்தான், அவளோ வாடகை கட்டுகிறவள் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க" என்றேன். பெண்கள் எழுந்து வந்தார்கள். காகிமா மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தார். தமிழில் ஒரு முறை, வங்காளியில் ஒரு முறை என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னேன். பூட்டு எது, அது எப்படித் திறக்கும், இப்போது எப்படி மாட்டிக்கொண்டிருக்கிறது, மாலை எங்கே தொங்குகிறது என்று காட்டினேன்.

"சார், இந்தக் குங்குமம் யார் வச்சது?"

"நான்தான். காலைல பூஜைல."

"அதுக்கப்புறம் யாராவது சரி பண்ணினாங்களா?"

"இல்லியே. பூஜை போட்டதத் தொடக் கூடாதுல்லா."

"எல்லாரும் பொட்டை நல்லாப் பாத்துக்கோங்க. சார், இப்ப நீங்க பூட்டைத் திறக்கற மாதிரி அதுமேல ஒரு விரலை வைங்க."

அவர் வைத்தார். எடுத்தபோது விரல் நுனி சிவந்திருந்தது. பொத்தானின் மேல் வட்டம் அழிந்து ஒரு தீற்றல் இருந்தது.

"இந்தப் பூட்டைக் காலைலேருந்து யார் தொட்டிருந்தாலும் பொட்டு இப்படித்தான் ஆகியிருக்கும். யாரும் தொடலை. கோமதியும் தொடலை" என்றேன். "பொட்டு வைங்கன்னு சொன்னது நான். பூட்டுமேல மட்டும் வைக்காதீங்கன்னு சொல்ல எனக்குத் தோணலை. எங்க பூட்டும் சந்தனத்துக்கே மாட்டிக்கற பூட்டுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு எனக்குக் கிடைத்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூஜை விடுமுறை முடிந்ததும் மேலாளர் கூப்பிட்டு, உனக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, சொன்னேன். அது போதவில்லை போலிருக்கிறது. கொஞ்ச காலம் என்னை வீடுகளிலிருந்து ஆபீஸ்களுக்கு மாற்றினார். ஆபீஸ்களில் குழந்தைகள் கிடையாது. பெரியவர்கள் மிஷினுக்குள் டீத்தூள் போடுவார்கள். பிறகு தமிழ் வீடு ஒன்றிலிருந்து போன் வந்ததும் ஆள் இல்லாமல் என்னையே திருப்பி அனுப்பினார். உங்கள் ஊரில் ஆயுத பூஜைக்கு ஆணி அடிக்கும் சுத்தியலைக்கூட விடமாட்டார்கள். ஆகவே மிஷினை வைக்கும் அன்றே, பொட்டு எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். புத்தகத்தில் இந்தக் கேள்வி கிடையாது. கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கேனுக்கு மட்டும் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்றைக்குச் சங்கரன் தன் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்போ நான்தானா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். காகிமா, "ஓ மா" என்று வாயில் கை வைத்தார். உமா சண்முகத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள். எல்லோரும் ஏதாவது ஒரு பொம்மையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கொலு வைத்த வீட்டில் அந்த ஒரு வசதி உண்டு.

கடைசியில் அவர், "செரி செரி, விடு. கோமதி, வா, சுண்டல் சாப்பிடு" என்றார்.

கோமதி நகரவில்லை.

அவர் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, எங்களுக்குக் கேட்காதபடி ஏதோ முணுமுணுத்தார். அவருடைய உதட்டைப் பார்த்துத்தான் அது மன்னிப்பு என்று எனக்குத் தெரிந்தது. பெரிய மனிதர், சபையில் இவ்வளவு செய்ததே பெரிது என்று பாயில் இருந்தவர்கள் முகம் தெளிந்தது. எனக்கும் போதும் என்றுதான் பட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஜோரே போலோ" என்றாள் கோமதி.

உரக்கச் சொல் என்று அர்த்தம். அந்த வீட்டில் காய்கறி வாங்கும் அளவுக்கு எல்லோருக்கும் வங்காளி தெரியும். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

சங்கரன் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், உமாவைப் பார்த்தார். இனி அவர் கத்துவார் என்று நான் நினைத்தேன். உமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஓர் அடி முன்னால் வந்தாள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, விருந்தாளிகள் பக்கம் திரும்பி, ஆபீஸில் அறிக்கை வாசிப்பது போல நிமிர்ந்து நின்றார்.

"கோமதி செய்யல" என்றார். அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். "என் பிள்ள பொய் சொல்லல. நான்தான் செஞ்சேன். அவளத் திட்டினதும் தப்பு."

சொல்லி முடித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று கேட்பது போல மகளைப் பார்த்தார். கோமதி கப்பைக் கொலுப்படியில் வைத்தாள். அவ்வளவு நேரம் எல்லோரும் கேட்டும் அழாமல் நின்றவள், அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.